கருத்து வரைபடமும் கல்வியும்

கற்றன யாவும் நெஞ்சில் நிலைத்து நிற்றல் வேண்டும் என்பதே மாணவர் அனைவருடைய வேட்கையும் ஆகும். அவ்வேட்கையால் உந்தப்பெற்று நாம் இரவெல்லாம் விழித்திருந்து ஓதுகின்றோம். ஓதியவற்றை வரி பிறழாது ஒப்பிக்கின்றோம். தேர்வு மண்டபத்துள் புகுந்து அவற்றைத் தாளின்கண் இறக்கி வைத்துவிட்டு வெளிப்போதருகின்றோம். ஒரு திங்கள் கழிந்தபின் அவற்றுள் எத்துணை எஞ்சி நிற்கின்றன என்று நம்மை நாமே வினவிக் கொள்வோமாயின், விடை நமக்கு நாணந் தருவதாகவே இருக்கும். இக்குறை சோம்பலால் மட்டும் விளைவதன்று. கற்கும் முறையாலும் விளைவதே. அம்முறையைத் திருத்திக் கொள்வதற்குத் துணை புரியும் கருவியொன்றனைப் பற்றிச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். கருத்து வரைபடம் என்பது அதன் பெயர்.

எம் குறையைக் கூறித் தொடங்குதலே முறையாகும். சென்ற ஆண்டுப் பருவத் தேர்வொன்றில் அகப்பொருள் பற்றிய வினாவொன்று எமக்கு வந்தது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் மூன்றற்கும் உள்ள இயைபினை விளக்குக என்பது அவ்வினா. யாம் பெரிதும் மகிழ்ந்தோம். ஐந்திணைக்கும் உரிய நிலமும் பொழுதும், தெய்வமும் உணவும், மரமும் புள்ளும், பறையும் யாழும், ஒழுக்கமும் ஆகிய எல்லாம் எமக்குத் தலைகீழ்ப் பாடம். கட்டங் கட்டி, ஒன்றும் விடாது நிரப்பி, வகுப்பில் முதன்மை எமக்கே என்னும் இறுமாப்போடு வெளியே வந்தோம். விடைத்தாள் திரும்பி வந்தபோது பதினைந்திற்கு நான்கே கிடைத்திருந்தது. எம் பேராசிரியர் தாளின் ஓரத்தில், “பட்டியல் உளது, இயைபு எங்கே?” என்று எழுதியிருந்தார்.

முதலில் எமக்குச் சினமே எழுந்தது. ஒரு பிழையும் இல்லாத விடைக்கு நான்கு மதிப்பெண்ணோ என்று தோழரிடம் குறைபட்டுக் கொண்டோம். பின்னர் அறையிலிருந்து தனியே படித்துப் பார்த்தபோது உண்மை விளங்கிற்று. இரண்டு பக்கத்தில் எழுபதுக்கு மேற்பட்ட பெயர்களை எழுதியிருந்தோம். ஒரு பெயருக்கும் மற்றொரு பெயருக்கும் என்ன உறவு என்று சொல்லும் வாக்கியம் அவ்விரண்டு பக்கத்திலும் ஒன்றேனும் இல்லை. இக்கட்டுரையில் யாம் கூறப் போவதெல்லாம் அந்த ஒரு வாக்கியம் இன்மையிலிருந்தே பிறந்தது.

கருத்து வரைபடம் என்பது யாது?

விழுப்புரஞ் சந்திப்பில் வண்டிக்குக் காத்திருந்த பழக்கம் நம்முட் பலர்க்கு உண்டு. அந்நிலையத்தினின்று ஐந்து வழியாக இருப்புப் பாதை பிரிகின்றது. ஒன்று திண்டிவனம், செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்கு, ஒன்று விருத்தாசலம் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு, ஒன்று கடலூர் வழியாக மயிலாடுதுறைக்கு, ஒன்று திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடிக்கு, மற்றொன்று புதுச்சேரிக்கு. ஒருவன் இவ்வழிகளிலுள்ள ஊர்ப்பெயர்களையெல்லாம் அகர வரிசையில் நெட்டுருச் செய்து ஒப்பித்துவிடலாம். ஆயினும் அவனை வழி தெரிந்தவன் என்று எவருங் கூறார். எவ்வூரினின்று எவ்வூருக்கு எப்பாதை செல்கின்றது என்று அறிந்தவனே வழி தெரிந்தவன்.

இன்னுமொன்று. விழுப்புரத்தினின்று திருச்சிராப்பள்ளிக்கு விருத்தாசலத்தின் வழியாகவுஞ் செல்லலாம். மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழியாகவுஞ் செல்லலாம். புறப்படும் ஊரும் சேரும் ஊரும் ஒன்றே. இடைப்பட்ட வழி வேறு. எந்த ஊர் வழியாகச் செல்லும் என்று கேட்டறியாது வண்டி ஏறுபவன் கும்பகோணத்தில் இறங்க எண்ணி அரியலூரைக் காண்பான்.

கல்வியும் இத்தகையதே. கருத்துக்கள் ஊர்களை ஒப்பன. அவற்றிடையே உள்ள உறவுகள் பாதைகளை ஒப்பன. கருத்து வரைபடமாவது, ஒரு பொருளைச் சார்ந்த கருத்துக்களைத் தனித்தனிக் கட்டங்களுள் எழுதி, அவற்றைக் கோடுகளால் இணைத்து, ஒவ்வொரு கோட்டின்மேலும் அவ்வுறவு இன்னதென உணர்த்தும் சொல்லை எழுதி அமைக்கும் படமாகும். ‘ஏரி’ என ஒரு கட்டமும், ‘கிணறு’ என ஒரு கட்டமும் வரைந்து வெறுங் கோடு இழுத்தால், இரண்டற்கும் ஏதோ தொடர்புண்டு என்பதற்கு மேல் அஃது ஒன்றும் உணர்த்தாது. அக்கோட்டின்மேல் ‘ஊற்றைப் பெருக்குகின்றது’ என்று எழுதிவிட்டாலோ, ஏரி கிணற்றின் ஊற்றைப் பெருக்குகின்றது என்னும் ஒரு முற்றுக் கூற்று பிறக்கின்றது. கூற்று பிறந்தவிடத்தே அது மெய்யோ பொய்யோ என்னும் ஆராய்ச்சியும் பிறக்கின்றது. வெறுங் கோட்டினை எவரும் பிழையெனல் இயலாது. சொல்லெழுதிய கோட்டினைப் பிழையெனக் காட்டுதல் இயலும். இக்கருவியின் உயிர்நிலை இதுவே என்பது எம் கருத்து.

இதன் தோற்றம்

இம்முறை 1972ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. ஜோசப் நோவாக் என்னும் பேராசிரியரும் அவர்தம் ஆராய்ச்சி மாணவரும் இளஞ் சிறார்க்கு அறிவியற் பாடங்களைக் கற்பித்து, அச்சிறாரின் அறிவு ஆண்டுதோறும் எங்ஙனம் வளர்ந்து மாறுகின்றது என்பதனைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து வந்தனர். சிறாரை நேரில் வினவி அவர்தம் விடைகளை எழுதிச் சேர்த்தபோது தாள்கள் மலைபோற் குவிந்தன. அவற்றைப் படித்து, இச்சிறுவன் சென்ற ஆண்டு இவ்வாறு எண்ணினான், இவ்வாண்டு இவ்வாறு எண்ணுகின்றான் என்று தெளிவாகக் காணுதல் அரிதாயிற்று. ஆகவே ஒவ்வொரு சிறுவனும் கூறிய கருத்துக்களையும் அவற்றிடையே அவன் கண்ட உறவுகளையும் ஒரே தாளிற் படமாக வரைந்து பார்த்தனர். சிறுவனுடைய உள்ளம் கண்முன் விரிந்தது போலாயிற்று. எனவே இக்கருவி முதற்கண் கற்போன் உள்ளத்தைக் காண்பதற்கே அமைந்தது. அவனே அதனை வரைந்து கற்கலாம் என்னும் எண்ணம் அதன் பின்னர் எழுந்தது. 1984ஆம் ஆண்டில் நோவாக்கும் போப் கோவின் என்பவரும் சேர்ந்து வெளியிட்ட நூலொன்று இதனைப் பள்ளிகட்கெல்லாம் அறிமுகப்படுத்தியது.

இதற்கு அடிப்படையாக நின்றது டேவிட் ஆசுபெல் என்னும் உளநூலறிஞர் 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட கொள்கை. கற்றல் இருவகைத்து என்பர் அவர். புதியதொரு கருத்தினை, முன்னரே உள்ளத்தில் உள்ள கருத்துக்களோடு பொருந்த இணைத்துக் கொள்ளுதல் ஒன்று. இணைப்பின்றித் தனியே அடுக்கி வைத்தல் மற்றொன்று. முன்னது பொருளுணர்ந்து கற்றல். பின்னது நெட்டுருக் கற்றல். ஆதலின் கற்பிக்கும் ஆசிரியன் முதற்கண் அறிய வேண்டுவது மாணவன் முன்னரே யாது அறிந்துள்ளான் என்பதே. புதிய நாற்றினை நடுமுன் உழவன் வயலைப் பார்ப்பது போல்வது அது.

திருவக்கரைக் கல்மரம்

நிற்க. இம்முறையை யாம் முதலிற் கையாண்ட வரலாற்றைக் கூறுவோம். கோடை விடுமுறையில் எம்மூராகிய திண்டிவனத்தில், கோயிலை அடுத்த சிறு கூடமொன்றில், சுற்றுப்புறத்துச் சிறார் பதின்மர்க்கு மாலை வேளையிற் பாடஞ் சொல்லி வந்தோம். விழுப்புரத்தினின்று எம் வகுப்புத் தோழர் ஒருவர் வாரம் இருமுறை வண்டியேறி வந்து துணை புரிந்தார். அச்சிறாருள் எட்டாம் வகுப்பினன் ஒருவன் இருந்தான். எதனைக் கேட்டாலும் தடையின்றி ஒப்பிப்பான். ஆயினும் கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்டால் வாய் திறவான். தனக்குப் படிப்பு வாராது என்றும், அடுத்த ஆண்டு தமையனோடு வேலைக்குச் சென்றுவிடப் போவதாகவும் அவன் அடிக்கடி கூறுவான். அவனை எண்ணுந்தோறும் எமக்கு எம்முடைய விடைத்தாளே நினைவிற்கு வந்தது.

ஒரு நாள் தொல்லுயிர் எச்சம் என்னும் பாடத்தை எடுத்தோம். அதற்குத் தக்க சான்று நம் மாவட்டத்திலேயே உள்ளது. வானூர் வட்டத்துத் திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 1781ஆம் ஆண்டிலேயே சொன்னெரா என்னும் ஐரோப்பிய இயற்கை நூலறிஞர் அவற்றைக் குறித்து எழுதியுள்ளார். அவ்விடம் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினரால் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. சிறாருள் சிலர் அதனை நேரிற் கண்டவர்.

யாம் கரும்பலகையில், “மரம் எங்ஙனம் கல்லாயிற்று?” என்னும் வினாவை எழுதினோம். பின்னர் மரம், வெள்ளம், மணல், நிலத்தடி நீர், சிலிக்கா, கல்மரம், ஆண்டு வளையம் என்னும் சொற்களைத் தனித்தனித் தாள் துண்டுகளில் எழுதிக் கொடுத்து, இவற்றைத் தரையிற் பரப்பி, கோடிட்டு, ஒவ்வொரு கோட்டின்மேலும் சொல்லெழுதுமாறு பணித்தோம். பாடநூலை மூடிவைக்குமாறுங் கூறினோம்.

அச்சிறுவன் சிறிது நேரம் வாளா இருந்தான். பின்னர் ‘மரம்’ என்னும் துண்டினின்று ‘கல்மரம்’ என்னும் துண்டிற்கு நேரே ஒரு கோடிழுத்து, அதன்மேல் ‘வெயிலிற் காய்ந்து இறுகி’ என்று எழுதினான். வெள்ளமும் மணலும் நிலத்தடி நீரும் சிலிக்காவும் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தன. சற்று முன்னர்த்தான் அவன் தொல்லுயிர் எச்சத்தின் இலக்கணத்தைச் சொற்பிழையின்றி ஒப்பித்திருந்தான்! “ஏன் தம்பி இங்ஙனம் எழுதினாய்?” என்று வினவினோம். “அண்ணா, களிமண் காய்ந்தாற் கல்லாகிவிடுகின்றதே, மரமும் அப்படித்தானே?” என்றான். அவன் ஊரிற் செங்கற் சூளை உண்டு. அவன் முன்னரே அறிந்திருந்தது அது. புதிய பாடத்தை அவன் உள்ளம் அதனோடு தானே இணைத்துக் கொண்டது. ஒப்பித்த விடை மேலே மிதந்தது. உண்மையான எண்ணம் அடியிற் கிடந்தது. நூறு முறை ஒப்பிக்கச் சொல்லியிருப்பினும் இத்தவறு வெளிப்பட்டிராது. கோட்டின்மேல் எழுதிய மூன்று சொல் அதனை வெளிப்படுத்திவிட்டன.

யாம் உடனே திருத்தினோம் அல்லோம். “வெயிலிற் கிடக்கும் பட்ட மரம் நம்மூரில் என்னாகின்றது?” என்று கேட்டோம். “செல்லரித்து மட்கிப்போம்” என்றாள் ஒரு சிறுமி. “அங்ஙனமாயின் மட்காமல் இருக்க என்ன வேண்டும்?” என்றோம். சிறார் தம்முள் வழக்கிடத் தொடங்கினர். புதையுண்டால் மட்காது என்றான் ஒருவன். புதைப்பது எது என்றான் மற்றொருவன். மூலையிற் கிடந்த வெள்ளமும் மணலும் மெல்ல நடுவே வந்தன. திருவக்கரை மரங்கள் வேரும் கிளையும் இன்றி வெறும் அடிமரங்களாகவே கிடப்பதை நேரிற் கண்ட பையன் ஒருவன் எடுத்துச் சொன்னான். வெள்ளம் அவற்றை வேறிடத்தினின்று அடித்துக் கொணர்ந்தது என்பதற்கு அதுவே அடையாளம் என்று யாம் விளக்கினோம். மணலுட் புதைந்த மரத்தினூடே சிலிக்கா கரைந்த நீர் நெடுங்காலம் ஊறிச் சென்றது. மரப்பொருள் சிறிது சிறிதாக நீங்க, அவ்விடத்தைச் சிலிக்கா சிறிது சிறிதாக நிரப்பியது. ஆதலின் பொருள் மாறியும் வடிவம் மாறவில்லை. ஆண்டு வளையம் இன்றுங் காணப்படுகின்றது. இவையெல்லாம் ஒவ்வொரு கோட்டின்மேல் ஒவ்வொரு சொல்லாக ஏறின.

இறுதியில் அச்சிறுவன் தன் பழைய கோட்டினைத் தானே அழித்தான். ‘சிலிக்கா’ என்பதனின்று ‘ஆண்டு வளையம்’ என்பதற்கு ஒரு குறுக்குக் கோடிட்டு, ‘இடத்தைப் பிடித்தும் வடிவைக் காத்தது’ என்று எழுதினான். அச்சொற்கள் எந்நூலிலும் இல்லை; அவனுடையவை. அன்று மாலை கூட்டத்தில் உரக்கப் பேசியவன் அவனே.

வரையும் முறை

மாணவ நண்பர்கள் தாமே வரைந்து பார்த்தற்கு உதவியாக அம்முறையைச் சுருங்கக் கூறுதும்.

முதலாவது, ஒரு வினாவைத் தாளின் தலைப்பில் எழுதுக. ‘ஏரி’ என்று தலைப்பிட்டால் படம் எல்லையின்றி விரியும். ‘ஏரி தூர்ந்தால் ஊர்க்கு யாது நேரும்?’ என்று வினவினால் வேண்டுவன மட்டுமே வந்து சேரும்.

இரண்டாவது, அவ்வினாவிற்கு இன்றியமையாத கருத்துக்கள் பத்து முதல் இருபதுக்குள் தேர்ந்து, ஓரத்தில் வரிசையாக எழுதிக் கொள்க. ஒவ்வொன்றும் ஓரிரு சொல்லாக இருத்தல் நன்று.

மூன்றாவது, அவற்றுள் பொதுவானதை மேலும், சிறப்பானவற்றைக் கீழுமாக அமைக்க. துண்டுத் தாள்களில் எழுதிக் கொண்டால் இடம் மாற்றுதல் எளிது.

நான்காவது, கோடிட்டு ஒவ்வொரு கோட்டின்மேலும் சொல்லெழுதுக. பெரும்பாலும் அது வினைச்சொல்லாக அமையும். ‘தொடர்புடையது’ என்னும் சொல்லை மட்டும் எழுதற்க. அறியாமையை மறைக்கும் திரை அது.

ஐந்தாவது, படத்தின் ஒரு பகுதியிலுள்ள கருத்து மற்றொரு பகுதியிலுள்ள கருத்தோடு இயைகின்றதா என்று நோக்கிக் குறுக்குக் கோடுகளை இடுக. புதிய எண்ணங்கள் பெரும்பாலும் இக்குறுக்குக் கோடுகளிலேயே பிறக்கின்றன.

ஆறாவது, மறுநாள் மீண்டும் பார்த்துத் திருத்துக. முதற்படம் ஒருபோதும் முடிந்த படம் ஆகாது.

தமிழ் கற்போர்க்கு

இஃது அறிவியல் கற்போர்க்கே உரியது என்று சிலர் கருதுவர். யாம் அங்ஙனங் கருதிலோம். நம் இலக்கண நூலார் பொருள்களைத் தொகுத்தும் வகுத்தும் விரித்தும் கூறுவதில் ஈடற்றவர். தொல்காப்பியம் மூன்று அதிகாரமும், அதிகாரம் ஒன்றற்கு ஒன்பது இயலுமாக இருபத்தேழு இயல்களாக அமைந்திருப்பதே அதற்குச் சான்று. நம் முன்னோர் இக்காலத்தார் போலக் கட்டமுங் கோடும் வரைந்தனர் என்று யாம் கூறவில்லை. அவர் உள்ளத்தில் உறவுகள் ஒழுங்குற அமைந்திருந்தன என்பதே எம் கூற்று. அவ்வொழுங்கினை விட்டுப் பெயர்களை மட்டும் பற்றிக் கொண்டமையே எம்முடைய பிழையாயிற்று.

அத்தேர்வு முடிந்த பின்னர், விழுப்புரஞ் சந்திப்பில் வண்டிக்குக் காத்திருந்த ஒரு மாலையில், எம் தோழரும் யாமும் அவ்வினாவிற்குரிய படத்தைக் குறிப்பேட்டில் வரைந்தோம். ‘முல்லை’, ‘கார்காலம்’, ‘இருத்தல்’ என்னும் மூன்றும் எம் பட்டியலில் முன்னரே இருந்தன. இப்போது கோட்டின்மேல் யாது எழுதுவது என்று திகைத்தோம். கார்காலத்திற்கும் இருத்தலுக்கும் என்ன உறவு? நெடுநேரம் எண்ணிய பின்னரே தோன்றியது: கார்காலம் என்பது வினைமேற் சென்ற தலைவன் திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்ற பருவம். மழை தொடங்கிவிட்டது, தலைவன் வந்திலன், ஆயினும் தலைவி ஆற்றியிருக்கின்றாள். மேகம் ஒவ்வொரு நாளும் அவள் பொறுமையைச் சோதிக்கின்றது. எனவே ‘கார்காலம்’ என்பதனின்று ‘இருத்தல்’ என்பதற்குச் செல்லும் கோட்டின்மேல் ‘சொன்ன பருவமாகி நின்று சோதிக்கின்றது’ என்று எழுதினோம். பல முறை ஒப்பித்த முல்லைத் திணையின் துயரத்தை அன்றுதான் முதன்முறை உணர்ந்தோம்.

பாலைக்கும் அங்ஙனமே. பாலைக்குத் தனி நிலம் இல்லை என்று மனப்பாடஞ் செய்திருந்தோம். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவு கொள்ளும் எனச் சிலப்பதிகாரம் கூறுவதும் அறிவோம். இரண்டும் வேறு வேறு குறிப்பேடுகளில் இருந்தன. முல்லையினின்றும் குறிஞ்சியினின்றும் பாலைக்குக் கோடிட்டு ‘வெம்மையால் திரிந்து ஆகின்றது’ என்று எழுதியபோது மேலும் ஒரு கோடு தானே தோன்றியது. புணர்தலும் இருத்தலும் தம் இயல்பு திரிந்தவிடத்தே பிரிதல் தோன்றுகின்றதன்றோ? நிலம் திரிவதும் ஒழுக்கம் திரிவதும் ஒன்றற்கொன்று நிழல் போல நிற்பதை அக்குறுக்குக் கோடு எமக்குக் காட்டிற்று. எம் கருத்து முற்றும் பொருந்துமோ என்பதைப் புலவர் ஆராய்க. ஆயினும் அதுவே யாமாக எண்ணிய முதற் கருத்து.

ஓர் எச்சரிக்கை

இக்கருவியின் நன்மையை மட்டுங் கூறி விடுதல் நேர்மையன்று. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் நடுநிலை வகுப்புகளில், ஏறத்தாழ 2007ஆம் ஆண்டு முதலாகப் படைப்பாற்றல் கல்வி என்னும் முறை புகுத்தப்பட்டது. பாடத்தைப் படித்தவுடன் மனவரைபடம் வரைதல் அதன் படிகளுள் ஒன்று. நோக்கம் மிக நல்லது. யாமும் சிறு வகுப்பில் மனவரைபடம் வரைந்ததுண்டு. ஆனால் நிகழ்ந்தது யாது? கரும்பலகையிலிருந்த படத்தை நாற்பது பேரும் வண்ணக் கோல்களால் அழகுற எழுதிக் கொண்டோம். நடுவே ஒரு வட்டம், சுற்றிலும் கிளைகள், கிளையின்மேல் ஒரு சொல்லும் இல்லை. அடுத்த வாரம் அப்படத்தையே மனப்பாடஞ் செய்து தேர்விலும் வரைந்தோம். நெட்டுருவை ஒழிக்க வந்த கருவியே நெட்டுருவிற்கு இரையாயிற்று. இது பிள்ளைகளை மட்டுமோ ஆசிரியரை மட்டுமோ சார்ந்த குற்றமன்று. பாடமும் தேர்வும் நெருக்குகின்றவிடத்து எந்நல்ல முறையும் சடங்காகிவிடும்.

மனவரைபடமும் கருத்து வரைபடமும் ஒன்றல்ல என்பதனையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். முன்னது இங்கிலாந்து நாட்டு டோனி பூசான் என்பவரால் 1974ஆம் ஆண்டு முதற் பரப்பப்பட்டது. நடுவிலுள்ள ஒரு பொருளினின்று கிளைகள் விரிவது. எண்ணங்களை விரைந்து திரட்டுவதற்கு ஏற்றது. பின்னதோ உறவுகளைச் சொல்லால் நிறுவுவது. மெதுவாக வரைய வேண்டுவது.

இனி, ஆராய்ச்சியாளர் கண்டவற்றையும் நோக்குவோம். 2006ஆம் ஆண்டில் நெஸ்பிட், அடெசோப்பே என்னும் இருவர், இத்தகைய படங்களைப் பற்றிய 55 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். அவ்வாய்வுகளிற் பங்கு கொண்டோர் 5,818 பேர். வெறுமனே படித்தல், விரிவுரை கேட்டல் என்பவற்றினும் படமிட்டுக் கற்றல் பயன் மிக்கது என்றும், சுருக்கம் எழுதுதல் போன்ற பிற முயற்சிகளோடு ஒப்பிடுங்கால் வேறுபாடு சிறிதே என்றும் கண்டனர். ஆதலின் பயன் தருவது படத்தின் வடிவம் மட்டுமன்று. அதனை வரைவோன் செய்யும் முயற்சியுமாம்.

2011ஆம் ஆண்டில் பர்டூ பல்கலைக்கழகத்துக் கார்ப்பிக்கே, பிளண்ட் என்போர் வெளியிட்ட ஆய்வு இதனை இன்னுந் தெளிவாக்கிற்று. நூலைத் திறந்து வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் வரைந்த மாணவரினும், நூலை மூடிவிட்டு நினைவிலுள்ளதை எழுதிப் பார்த்த மாணவர் ஒரு வாரங் கழித்து நடந்த தேர்வில் மிகுதியாக விடையளித்தனர். அம்மாணவர் தாமோ அதற்கு மாறாகவே எதிர்பார்த்திருந்தனர். இது கேட்டுப் படம் வரைதலைக் கைவிடுதல் வேண்டா. அவ்விருவரே 2014ஆம் ஆண்டில் வேறோர் ஆய்வு வெளியிட்டனர். நூலை மூடிவைத்து நினைவிலிருந்து கருத்து வரைபடம் வரைவதும், நினைவிலிருந்து உரைநடையாக எழுதுவதைப் போன்றே நற்பயன் தருகின்றது என்பது அதன் முடிபு. எனவே மூடிய நூலும் திறந்த உள்ளமுமே முதல் வேண்டுவன.

மேலும், எல்லாவற்றையும் படமாக்கல் இயலாது. கணக்கினைப் போட்டுப் பழகியே கற்றல் வேண்டும். செய்யுளின் ஓசையையும் சுவையையும் கட்டத்துள் அடைத்தல் கூடாது. செய்யுளை வாய்விட்டு ஓதியே உணர்தல் வேண்டும். மனப்பாடமும் பழிக்கத் தக்கதன்று. முதலும் கருவும் உரியும் எம் நினைவில் இல்லாதிருந்திருப்பின், விழுப்புரத்து நிலையத்தில் எவற்றைக் கொண்டு கோடிட்டிருப்போம்? கல் இன்றிச் சுவர் எழாது. ஆயினும் கற்குவியலைச் சுவர் என்பார் இல்லை.

முடிவுரை

அன்பர்காள்! இன்று பாடக் குறிப்புகளும் ஆயத்த விடைகளும் நம் கைப்பேசியிலேயே நொடியில் வந்து குவிகின்றன. பெயர்களுக்கும் பட்டியல்களுக்கும் இக்காலத்துப் பஞ்சமில்லை. பிறர் வரைந்த படங்களுக்கும் பஞ்சமில்லை. பஞ்சமாக இருப்பது, இதற்கும் அதற்கும் என்ன உறவு என்று நாமே நின்று எண்ணும் சில நிமிடங்களே. பிறர் இட்ட கோடு பிறருக்கு வழி. நாம் இட்ட கோடே நமக்கு வழி. அக்கோடு தவறாயினும் கெடுதியில்லை. தவறு கண்ணிற்குப் புலப்பட்டால் திருத்திக் கொள்ளலாம்.

நம் கல்லூரியில் பயில்வோர் பலர் விடுமுறையில் தத்தம் ஊர்ச் சிறார்க்குப் பாடஞ் சொல்லும் வழக்கமுடையர். நாளை ஆசிரியப் பணியை மேற்கொள்வோரும் பலர். அவர்கட்கு எம் விண்ணப்பம் ஒன்றுண்டு. ஒரு பிள்ளை ஒப்பித்து முடித்தவுடன் “நன்று” என்று கூறி அனுப்பிவிடாதீர்கள். இரண்டு சொற்களை எழுதிக் கொடுத்து, நடுவே ஒரு கோடிட்டு, “இதன்மேல் என்ன எழுதுவாய்?” என்று கேளுங்கள். படிப்பு வாராது என்று தன்னைத் தானே ஒதுக்கிக் கொண்ட பிள்ளையின் உள்ளத்துள் எத்தகைய எண்ணம் ஓடிக்கொண்டிருக்கின்றது என்பது அப்போது தெரியவரும். திண்டிவனத்துக் கூடத்திற் செங்கற் சூளையை நினைத்து மரத்தைக் காய வைத்த சிறுவன் அறிவிலி அல்லன். தான் அறிந்ததைக் கொண்டு அறியாததை அளக்க முயன்ற சிந்தனையாளன். அவன் இவ்வாண்டு ஒன்பதாம் வகுப்பிற் பயில்கின்றான். வேலைக்குச் செல்லும் பேச்சை இன்னும் எடுத்திலன்.

எம்முடைய பழைய விடைத்தாளை யாம் கிழித்தெறியாது வைத்துள்ளோம். “இயைபு எங்கே?” என்னும் வினா அதன் ஓரத்தில் இன்னும் உள்ளது. புதிய பாடம் தொடங்குந்தோறும் அத்தாளை எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டே நூலைத் திறக்கின்றோம். படித்து முடித்ததும் நூலை மூடிவிட்டுக் கோடிடத் தொடங்குகின்றோம்.